படலையில் கட்டிய வேப்பிலை

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை அம்மாள் வருத்தம் வந்து மூன்று மாதம் நின்றது. ஒருவர் உடம்பிலும் ஒரு கொப்புளம்கூடப் போடவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அவனுடைய சிறுநீரகம் இரண்டும் பழுதாகி முகம் ஊதிக் கிடந்தான். அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்கு ஒரு பேணி சீனி கொடுப்பவரைப்போல, "எனக்கு ரெண்டு இருக்குத்தானே" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப்பற்றிப் பேசியது.

கண்டியில் சத்திரசிகிச்சை முடிந்து இருவரும் எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பியபோது டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார். மூன்று மாதத்துக்கு வெளியாட்கள் தம்பியை நெருங்கக் கூடாது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்கக் கொடுக்கும் மருந்து, நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடுமாம். ஒரு சளித் தடிமன் போதும் அவனைக் கொண்டுபோக.

ஆனால் சுகமில்லாதவரைப் பார்க்க வருவதை ஊரில் யாரால் தடுக்க முடியும்? எங்களுக்காக நேர்த்தி வைத்தவர்கள், அப்பா ஆஸ்பத்திரியில் நின்ற நாட்களில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் எல்லோரும் மறுநாள் ஒரு உழவு இயந்திரத்தில் வருவதாகச் செய்தி வந்தது.

"வராதேங்கோ எண்டு எந்த வாயாலை சொல்லுறது?" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, அப்போது எங்களோடு தங்கி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்ல வேண்டாம். அம்மாள் சொல்லுவா" என்றபடி கத்தியோடு வேப்ப மரத்தடிக்குப் போனார்.

அம்மாள் வருத்தம் எனப்படும் பொக்குளிப்பான் கண்ட வீட்டின் வாசல் படலையில் வேப்பிலை கட்டினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள், கோபிக்கவும் மாட்டார்கள். எந்த நோய் தம்பியை அண்டவே கூடாது என்று டொக்டர் தனியாகச் சொன்னாரோ, அதையே மாமி காவலுக்கு வைத்தார். பொய்யைப் பொறுக்கச் சொல்லி அம்மனுக்கு ஒரு பொங்கலும் நேர்ந்தார்.

படலையடியில் நின்று அந்தப் பொய்யைச் சொல்லும் வேலை எனக்கு. மனசாரச் செய்தேன். எங்கெங்கே கொப்புளம் என்றுகூட விவரித்தேன். வந்தவர்கள் முகம் வாடிக் கேட்டுவிட்டு, கொண்டுவந்ததை வேலியோரம் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கஷ்டம் ஒன்றுதான். அம்மாள் நிற்கும் வீட்டில் மீன் காய்ச்சுவதில்லை, வெளியாரும் கொடுப்பதில்லை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கம் அது. மணம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மாமி மீனை நிறுத்திவிட்டார். வயிற்றில் வெட்டுக் காயத்தோடு தேறவேண்டிய அம்மாவும் பூசணிக்காய்தான் சாப்பிட்டார். அவர் முறைப்பாடு சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொன்னேன்.

ஐந்தாவது கிழமை, குளத்தில் வலை போடும் பெரியப்பா ஒருவர் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார்.

"கொம்மா எப்பிடி, பிள்ளை?" என்று அம்மாவை விசாரித்தார்.

"தம்பிக்கு இன்னும் அம்மாள் போகேல்லை" என்று நான் பாடத்தைத் தொடங்கினேன்.

"ஓமோம், அவா ஆறுதலாப் போகட்டும்" என்றவர் ஒரு பையை நீட்டினார். உள்ளே இரண்டு விரால் துடித்தன. "கொம்மாவுக்குக் காய்ச்சிக் குடுக்கச் சொல்லு. புண் கெதியா ஆறும்."

பிறகு படலையைப் பார்த்தார். மாமி மாற்ற மறந்த வேப்பிலை காய்ந்து சருகாகியிருந்தது. வேலியோர வேம்பில் ஒரு கொப்பை முறித்து, பழையதை அவிழ்த்துவிட்டுப் புதியதை இறுக்கிக் கட்டினார்.

"காய விடாதை, பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்ததை நான் ஒன்றுவிடாமல் ஒப்பிக்க, மாமி மீன் பையோடு குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், பிறகும் சிரித்தார். அன்றைக்குக் குழம்பு கொதிக்கும்போது குசினி யன்னலைச் சாத்தக்கூட இல்லை.

தம்பி இன்று என்னைவிட ஒரு முழம் உயரம். மூன்று மாதம் முடிந்து வேப்பிலையை அவிழ்த்தபோது, அம்மாள் போனதும் வார்க்கும் வேப்பிலைத் தண்ணீரை எப்போது வார்த்தீர்கள் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தச் சனத்தை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அன்றைக்கோ நான் மாமியின் முதுகைத் தடவித் தேற்றிக்கொண்டிருந்தேன்.

"அழாதேங்கோ மாமி. அந்தப் பெரியப்பா வடிவா நம்பிப்போட்டார்."