வாவ்ரா வீட்டு விளக்கு

வெர்னா கோஸல் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தைத் தட்டிக்கொண்டு ஆடுகளத்தில் ஓடியதில்லை. அவள் படித்த காலத்தில் வெஸ்பர் பள்ளியில் பெண்களுக்கு அணியே கிடையாது. பையன்கள் கூடைப்பந்து ஆடினார்கள். அவள் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து கடிகாரத்தை ஓட்டினாள். அதே மேஜையில் அவள் தலை நரைத்தது. விளையாட்டுப் பொறுப்பாளர் என்று பெயர். நடுவர்களுக்கு ஃபோன் செய்வதும், பஸ்ஸுக்குச் சொல்லி வைப்பதும், சோளப்பொரி இயந்திரத்தைத் துடைப்பதும், கடைசியில் விளக்கணைத்துப் பூட்டுவதும் அவள்தான். கணவர் எமில் இறந்த பிறகு அந்த விளையாட்டுக் கூடம்தான் அவளுக்கு வீடு.

பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் மாநில விளையாட்டுச் சங்கம் பள்ளிகளைப் பிரிக்கிறது. பெரிய பள்ளி பெரியதோடு, சிறியது சிறியதோடு. நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளுக்கு நடுவே கிடக்கும் வெஸ்பர், இருப்பதிலேயே கடைசிப் பிரிவு. அதிலும் அணிக்கு ஆள் தேறாவிட்டால் பக்கத்து ஹோல்டனோடு சேர்ந்து, பாதிப் பெயரும் பாதி நிறமுமாக ஒரே அணியாக ஆட வேண்டியதுதான். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வெர்னா எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். தன் காலத்தில் கிடைக்காத அணி. வந்த பிறகு அது தன் கண்முன்னே கரைவதா?

இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பேச்சு அடங்கியிருந்தது. காரணம், டெஸ்ஸா வாவ்ரா. ஹோல்டன் எல்லையில் இருந்த பண்ணை வீட்டை விட்டு, ராலி வாவ்ராவின் குடும்பம் கோடைக் கடைசியில் வெஸ்பருக்குக் குடிவந்தது. ராலியின் மனைவி டெனிஸுக்கு வெஸ்பர் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. மகள் டெஸ்ஸா நெட்டையான, வெட்கப்படுகிற பெண். பந்து கைக்கு வந்தால் மட்டும் வெட்கம் பறந்துவிடும். அவள் வந்ததும் தோற்றே பழகிய அணி வெல்லத் தொடங்கியது. மாவட்ட இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டது. எதிரே நிற்பது ஹோல்டன்.

அரையிறுதி முடிந்த அன்று, கூடத்துக்குப் பின்னாலுள்ள சிறிய அறையில் ஹோல்டன் பள்ளியின் பொறுப்பாளர் டெல்பர்ட் மிளகாய்ப் பீன்ஸ் குழம்பும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் பல வருஷமாக எதிரெதிர் மேஜை; சாப்பாடு மட்டும் ஒரே மேஜையில்.

"என்ன டெல்பர்ட், ரொட்டியத் தொடவே இல்ல? எங்க ஊர் ரொட்டியில விஷமா வெச்சிருக்கேன்?"

"கதவச் சாத்திட்டு வா வெர்னா."

அவள் சாத்தினாள்.

"ராலியோட பழைய வீட்டுல தினமும் விளக்கு எரியுது. புகைபோக்கில புகை. வாசல்ல அவன் வண்டி. நான் அந்த வழியாத்தான் வீட்டுக்குப் போறேன், என் கண்ணால பாத்தேன்."

வெர்னா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

குடும்பம் முழுவதும் உண்மையாகவே வீடு மாறியிருந்தால்தான் பள்ளி மாறிய பிள்ளை அந்த வருஷமே ஆடலாம். இல்லையென்றால், அவள் ஆடி வென்ற ஆட்டமெல்லாம் தோல்வியாகிவிடும். இறுதி ஆட்டமும் போய்விடும். குடும்பம் மாறியது உண்மை என்று சங்கத்துக்கு உறுதி சொன்னவள் வெர்னா.

"அவ ஆடலைன்னா உங்களுக்குத்தான லாபம்?" என்றாள்.

"அதனாலதான் உங்கிட்ட வந்து சொல்றேன். ஃபோனப் போட்டுக் கப்பு வாங்கினேன்னு என் ஊர்ல எவனும் சொல்லக்கூடாது. ஆனா எங்க ஊர்ல எல்லாரும் பாத்தாச்சு. நீயா சங்கத்துக்குச் சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்லணும்."

ராலியிடமே கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மணற்குன்றுகளில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. விளக்கு எரிகிறதா, புகை வருகிறதா, வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்து முடிவு கட்டிவிடுவார்கள். வீட்டுக்காரனிடம் போய், "நீ எங்கே தூங்குகிறாய்?" என்று கேட்பது அவனைப் பொய்யன் என்று சொல்வதற்குச் சமம். வெர்னாவும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே!

மறுநாள் காலை அவள் சங்கத்துக்கு ஃபோன் செய்தாள். பேசி முடித்ததும் பொரி இயந்திரத்தின் பின்னால் நின்று, யாரும் பார்க்காமல் அழுதாள். பயிற்சிக்கு வந்த டெஸ்ஸா எட்டிப் பார்த்தாள்.

"மிஸஸ் கோஸல், உடம்பு சரியில்லையா?"

"பொரி புகை கண்ணுல பட்டுடுச்சும்மா. நீ போய் ஆடு."

இயந்திரம் அன்று சூடாகவே இல்லை. அந்தப் பெண் அதைக் கவனித்தாளோ என்னவோ, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். நாளை இவளிடமிருந்து அணிச் சட்டையைத் திருப்பி வாங்க வேண்டியவள் நான்தானே என்று நினைத்துக்கொண்டே வெர்னா சூடாகாத இயந்திரத்தைத் துடைத்தாள்.

அன்று பிற்பகலே சங்கத்திலிருந்து ஹாட்லி வந்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். நேராக ராலியின் பழைய வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று வெர்னாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பனிக்காற்று வண்டியை உலுக்கியது. கடைசி மேட்டில் ஏறியதும் அந்த வீடு தெரிந்தது. ஜன்னலில் வெளிச்சம். கூரைமேல் புகை. வாசலில் ராலியின் வண்டி.

"வீட்டுல ஆள் இருக்கற மாதிரிதான் தெரியுது மேடம்," என்றார் ஹாட்லி.

 வெர்னா கொடியில் விறைத்துத் தொங்கிய துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பம் இல்லாத வீட்டில் இத்தனை துண்டு எதற்கு? முடிந்தது, எல்லாம் முடிந்தது.

கதவைத் தட்டினார்கள்.

"தொறந்துதான் இருக்கு! சீக்கிரம் உள்ள வந்து சாத்துங்க, குழந்தைங்க விறைச்சுப் போயிடும்!" என்று உள்ளிருந்து ராலியின் குரல்.

குழந்தைகளா?  ஹாட்லி கதவைத் தள்ளினார்.

சமையலறை அடுப்போரம் டெஸ்ஸாவின் பழைய ரோஜா நிறப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தது. இன்னொன்று நடுங்கும் கால்களை அகட்டி நின்று அலமாரியை நக்கியது. குளியலறையிலிருந்து ஒரு "ம்ம்மா" கேட்டது. தரையில் வைக்கோல் பரத்தி, அதன்மேல் ராலி உட்கார்ந்து, மடியில் ஒன்றைக் கிடத்திப் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கண்கள் சிவந்து, தாடி ஒரு வாரத்துக்கு வளர்ந்திருந்தது.

"எழுந்திருக்க முடியல, மன்னிச்சுக்குங்க வெர்னா. இவன் இப்பத்தான் குடிக்கவே ஆரம்பிச்சிருக்கான்."

"இதெல்லாம்... என்ன ராலி?"

"பசுங்க இன்னும் இங்கதான இருக்கு, கன்னு போடுதுங்க, பனி நிக்க மாட்டேங்குது. கன்னுங்கள வெளிய விட்டா குளிர்ல காது விறைச்சு உதிர்ந்துடும். டவுன்ல வாடகை வீட்டுக்காரம்மா ஒரு பூனைக்கே சம்மதிக்கல. இதுங்களுக்கா சம்மதிக்கப் போறா?"

ஹாட்லி தொப்பியைக் கழற்றினார். அறை அறையாக நடந்தார். எங்கும் கட்டில் இல்லை, பீரோ இல்லை. டெஸ்ஸாவின் அறையில் வைக்கோல். குளியல் தொட்டியில், வெந்நீரில் நனைந்து, துண்டால் துவட்டப்பட்டு, வெள்ளை முகத்தோடு ஒரு கன்று. அது அவர் கோட்டு நுனியை வாயில் வாங்கிச் சப்பத் தொடங்கியது.

"மிஸ்டர் வாவ்ரா, ஒண்ணு கேக்கணும். இங்க யாராவது தூங்கறாங்களா?"

"தூக்கமா?" ராலி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "கன்னு போடற காலத்துல எவன் சார் தூங்கறான்? எப்பவாச்சும் டவுன் வீட்டுக்குப் போய்க் கட்டையச் சாய்க்கலாம்னு பாத்தாலும் டெனிஸ் உள்ள விட மாட்டேங்கறா, நாத்தமாம்."

ஹாட்லியின் மெலிந்த தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய வெர்னாவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"குடும்பம் மாறினது மாறினதுதான் மேடம். அந்தப் பொண்ணு ஆடலாம்," என்றார், கன்றின் வாயிலிருந்து கோட்டை விடுவித்துக்கொண்டே.

வெர்னா வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அய்யய்யோ, என்னாச்சு இவங்களுக்கு?" என்று ராலி பதறினான்.

வெர்னா விஷயத்தைச் சொன்னதும் அவன் காலிப் புட்டியைக் கீழே வைத்தான்.

"ஏன் வெர்னா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீ கோவிச்சுக்கிட்டிருப்ப."

அவன் யோசித்தான். "ஆமா, கோவிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்," என்று ஒப்புக்கொண்டு அடுத்த புட்டியை அவள் கையில் கொடுத்தான். "சும்மா உக்காந்து அழாம, அதுக்கு இதைக் குடுங்க."

மறுநாள் மாலை கூடம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்துக்கு வராதவர்கள் கன்று போடும் பசு வைத்திருப்பவர்கள் மட்டும்தான். வெர்னா தன் மேஜையில் உட்கார்ந்து கடிகாரத்தைச் சரிபார்த்தாள்.  டெல்பர்ட் வந்து, தன் ஊர்ப் பட்டை ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அவள் முன் வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் ராலி ஃபோன்ல சொன்னான். ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுவும் நியாயந்தான்."

"விடு டெல்பர்ட். நானும்தானே நம்பினேன்."

"ஆனா ஒண்ணு. அந்தக் கன்னுங்களையும் உங்க பள்ளிக்கூட எண்ணிக்கையில சேத்துட்டாதீங்க. மேல் பிரிவுக்குப் போயிட்டா அப்புறம் நாங்க யாரோட ஆடறது?"

வெர்னா வாய்விட்டுச் சிரித்தாள். நடுக்களத்தில் டெஸ்ஸா முட்டியை மடித்துத் துள்ளத் தயாராக நின்றாள். கன்று சுற்றியிருந்த போர்வையின் ரோஜா நிறத்திலேயே அவள் முடியில் ஒரு நாடா. நடுவர் பந்தை மேலே தூக்கிப் போட்டார். டெஸ்ஸாவின் கை அதைத் தொட்ட நொடியில் வெர்னா கடிகாரத்தை ஓடவிட்டாள்.