நான் கதவைச் சாத்திய எம்.எல்.ஏ.

கிரேஸ் அக்கா காலமான செய்தி வந்தபோது ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. போனில் சொன்னவன் என் தம்பி ராஜன். திறந்த டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தேன்.

அக்காவை நீங்கள் எம்.எல்.ஏ.வாக அறிந்திருப்பீர்கள். அதற்கு முன் இருபது வருடம் நர்ஸ். எல்லையில் போர் மூண்டபோது சட்டமன்றத்தில் எல்லாரும் மேசையைத் தட்ட, அவர் மட்டும் எழுந்து இந்தப் போர் வேண்டாம் என்றார். "காயத்துக்குக் கட்டுப் போட்டவ நான். எனக்கு இதுக்குக் கைதட்ட வராது." சொந்தக் கட்சிக்காரர்களே உட்காரச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு கிடையாது. ராஜன் அப்போது எல்லையில் இருந்தான். அடுத்த வாரம் அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "என் தம்பி அங்க குண்டுக்கு நடுவுல நிக்கிறான். நீங்க இங்க இன்னா பேசிக்கினு வர்றீங்க?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அவன் நிக்கிறதாலதாம்ப்பா பேசறேன்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. நான் திறக்கவில்லை.

பிறகு ராஜனிடமிருந்து போன் வருவது நின்றது. எந்த ஆபீஸில் கேட்டாலும் தெரியாது என்றார்கள். அம்மா சோற்றைத் தொடவில்லை. அக்கா சட்டமன்றத்தில் மறுபடி எழுந்தார். "சண்டைக்கு அனுப்பத் தெரிஞ்சவங்களுக்கு, அடிபட்டவன் எங்க இருக்கான்னு வீட்டுக்குச் சொல்லத் தெரியாதா?" மைக்கை அணைத்துவிட்டார்கள்.

ஒரு காலையில் அதே கதவைத் தட்டினார். தெரிந்த நர்ஸுகளைப் பிடித்து, ராணுவ ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் விசாரித்திருக்கிறார். "உயிரோட இருக்கான். வலது பாதம் போய்டுச்சு. ரெண்டையும் சேத்தே கேட்டுக்கோ" என்றார். அம்மாவைச் சாப்பிட வைக்கும்வரை அடுப்படியை விட்டு எழவில்லை.

இதை அவர் எந்த மேடையிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு ஓட்டாவது கூட விழுந்திருக்கும். தேர்தலில் தோற்ற அன்று பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "தம்பிக்குச் செயற்கைக் கால் சரியா பொருந்துதா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். விட்டது விட்டதுதான்.

அடக்கத்தன்று அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து ராஜன் ஷூவைக் கழற்றினான். செயற்கைப் பாதத்தில் இருப்பதை அவன் வெளியே எங்கும் கழற்றுவதில்லை. கழற்றினால் நடை தடுமாறும்.

"அத விட்டுட்றா" என்றேன்.

"அக்கா வீடுண்ணா."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே வந்தான்.

என்னிடம் மிஞ்சியிருப்பது கதவுக்கு வெளியிலிருந்து கேட்ட அந்தக் குரல். அன்றைக்கே திறந்திருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் அக்கா.