செங்கல் மேல நின்ன காருக்கு ஃபைன்

பேய், ஆவின்னு யாராவது பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். தைரியசாலின்னு நெனச்சுடாதீங்க. கேஸ மூடினேனா, வாசக்கதவ பூட்டினேனா, நெஞ்சுல குத்துதே அது வாயுவா வேற எதாவதான்னு கவலப்படவே எனக்கு ஒரு நாள் பத்தாது, இதுல பேய்க்கு எங்க போயி நேரம் ஒதுக்குறது. அதனால நான் சொல்றத நீங்க நம்பலன்னா எனக்குக் கோவம் இல்ல, வேற யாராவது சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனா அந்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு.

எம் பேரு சூசை. மேற்கு மாம்பலத்துல குடியிருக்கேன், ஆக்டிங் டிரைவர், கார் வெச்சிருக்கறவங்க கூப்பிட்டா போயி அவங்க வண்டிய ஓட்டிக் குடுத்துட்டு வர்ற வேல. எட்டாவதோட படிப்ப நிறுத்தினவன். எங்கக்கா ஜெயராணி அப்படி இல்ல, டீச்சரா இருந்து ரிடையர் ஆனவ, என்னவிட பதினாலு வயசு பெரியவ, சாந்தோம்ல தனியா இருக்கா. எங்க தெருவுல மொதமொதல்ல கார் ஓட்டின பொம்பள அவதான். பியட் காரு, கிரீம் கலரு, ஸ்டியரிங் பக்கத்துலயே கியர் இருக்குமே அந்தக் காலத்து வண்டி. ஒரு கைய ஜன்னல் மேல போட்டுக்கினு ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போவா, எங்க மாமா, அதான் அவ வீட்டுக்காரரு, பக்கத்து சீட்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சுட்டு வருவாரு, அவருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. மாமா செத்ததுக்கப்புறம் அக்கா வண்டிய தொடல. பல வருஷமா காம்பவுண்டுல பாதாம் மரத்துக்குக் கீழ நின்னுச்சு, கடல் காத்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுடுச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்காவுக்குக் கண்ணுல புரை எடுத்தாங்க. கட்டு பிரிச்சு வீட்டுக்கு வந்ததும் வாசல்ல நின்னு அந்த வண்டியத்தான் மொதல்ல பாத்தா. "சூசை, இத எனக்கு ரெடி பண்ணிக் குடு. என்ன இனிமே யாரும் எங்கயும் கூட்டிக்கிட்டுப் போக வேணாம், நானே ஓட்டிக்கிட்டுப் போறேன்"ன்னா. சரிக்கான்னு சொல்லிட்டேன்.

கே.கே. நகர்ல பாஷா பாய்னு எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக், டிங்கர் வேல பெயிண்ட் வேல எல்லாம் அவர் ஷெட்லயே நடக்கும். வண்டிய இழுத்துக்கினு போயி விட்டோம். பாய் கதவத் திறந்தாரு, கதவு கையோட வந்துடுச்சு. காலுக்குக் கீழ போட்டிருந்த மேட்ட தூக்கினா தரை தெரியுது. "இன்னா நைனா, காரை எடுத்தாந்தியா, துருவை எடுத்தாந்தியா"ன்னு கேட்டாரு. அதுலேர்ந்து ஒரே எரிச்சல்தான். ஒரு பக்கம் வெல்டிங் வெச்சா இன்னொரு பக்கம் பொத்துக்கும். புதுப்பேட்ட பழைய சாமான் கடைங்கள்ல தேடித்தேடி ஒரு சாமான் வாங்கிட்டு வந்தா அது வேற மாடலுக்கு உள்ளதா இருக்கும். ஒரு நாள் பூரா நின்னு துருவ சுரண்டிட்டு வந்தா ராத்திரி மழ பெஞ்சு காலையில திரும்ப செவப்பா நிக்கும்.

இதுல நான் பண்ண ஒரு வேலையும் இருக்கு, அத மறைக்கக் கூடாது. பாய தனியா கூட்டிட்டுப் போயி, மெதுவாவே பண்ணுங்க, அவசரமே இல்லன்னு சொல்லிட்டேன். அக்காவுக்கு எழுபத நெருங்குது, முட்டி மடங்காது, பைக்ல பசங்க எப்படி வர்றானுங்கன்னு தெனமும் ரோட்ல பாக்குறவன் நான். இழுத்தடிச்சா அவளே அலுத்துப் போயி விட்டுடுவான்னு நெனச்சேன். அக்கா கேக்குறப்பெல்லாம் பாய் சரியில்லக்கா, சாமான் கெடைக்கலக்கான்னு பழிய அவர் மேல போட்டேன். இப்படியே எட்டு மாசம் ஓடிடுச்சு.

ஒரு நாள் காலையில அக்கா போன் பண்ணி உடனே வான்னா. போனா, உட்காரச் சொல்லி தன் போன எடுத்து என் முன்னாடி வெச்சா, பசங்க தப்புத்தப்பா எழுதின பேப்பர அவங்க முன்னாடியே வைக்கிற மாதிரி. டிராபிக் ஃபைன் மெசேஜ். அக்கா வண்டி நம்பரு. டிரைவர் சீட் பெல்ட் போடல, அடையாறு பக்கம் ஒரு சிக்னல். அதுல இருந்த லிங்க்க தொட்டா போட்டோ. நல்ல வெயில்ல, முன்பக்கத்துலேர்ந்து எடுத்தது. கிரீம் கலர் பியட்டு, புதுசு மாதிரி மின்னுது, பானட் மட்டும் லேசா மஞ்சளடிச்சாப்ல இருக்கு. நம்பர் பிளேட் பளிச்சுன்னு தெரியுது. கண்ணாடி மேல வெயில் விழுந்து டிரைவர் முகம் சரியா தெரியல, பக்கத்து சீட்ல யாரும் இல்ல.

"ரெடி ஆயிடுச்சு இல்ல?"ன்னு கேட்டா அக்கா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. "எட்டு மாசமா அந்த மனுஷன் மேல பழி போட்டுட்டு நீ ஊரச் சுத்துற. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுறியா, ஷூட்டிங்குக்கு விடுறியா?"

மாதா மேல சத்தியம் பண்ணேன், கேக்கல. கெளம்பு, வண்டிய நான் கண்ணால பாக்கணும்னுட்டா. ஆட்டோ புடிச்சோம். நான் அந்த மெசேஜையே திருப்பித் திருப்பிப் படிச்சுக்கினு வந்தேன். அப்பதான் தேதிய கவனிச்சேன், முந்தாநாள், காலைல எட்டே முக்கால். அந்த நேரத்துக்கு நானும் அக்காவும் மயிலாப்பூர்ல கண் டாக்டர்கிட்ட இருந்தோம், அவ கண்ணுல சொட்டு மருந்து விட்டு மூடி உட்கார வெச்சிருந்தாங்க, அவ கைப்பைய நான் புடிச்சுக்கினு இருந்தேன். அத சொன்னேன். "உனக்கா டிரைவருங்களுக்குப் பஞ்சம்"னா.

ஷெட்ல வண்டி செங்கல் மேல நிக்குது. நாலு சக்கரமும் கழட்டி மூலையில கெடக்கு. எஞ்சின் லேத்துக்குப் போயிருக்கு, அது இருந்த எடத்துல ஒரு பூன குட்டி போட்டுப் படுத்திருக்கு. பானட் ஓட்ட ஓட்டையா செவுத்துல சாத்தியிருக்கு. அக்கா ஒரு சுத்து சுத்திப் பாத்தா, குனிஞ்சு அடியிலயும் பாத்தா.

பாய் கைய தொடச்சுக்கினே வந்து போட்டோவப் பாத்தாரு. "டீச்சரம்மா, எஞ்சினு லேத்துல கீது, சக்கரம் அங்க கீது, இது எப்டிமா ரோட்டுக்குப் போவும்? எவனோ உங்க நம்பரை மாட்டிக்கினு சுத்திக்கினு கீறான்"னாரு. அப்பாடான்னு எனக்கு மூச்சு வந்துச்சு. அதோட அவர் விட்டிருக்கலாம். "நான் எப்பவோ முடிச்சிருப்பேன்மா, இவந்தான் மெதுவா பண்ணுங்க மெதுவா பண்ணுங்கன்னு" வரைக்கும் சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்து நிறுத்திக்கினாரு.

அக்கா கத்தல. கத்தியிருந்தா பரவாயில்ல. "எதுக்குடா?"ன்னா. பயமா இருந்துச்சுக்கான்னேன். "உன் பயத்துக்கு நான் வீட்டுல உட்காரணுமா?"ன்னு கேட்டா. நான் பூனையப் பாத்துக்கினு நின்னேன்.

அப்புறம் அக்கா மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு போட்டோவ விரலால பெருசு பண்ணிப் பாக்க ஆரம்பிச்சா. டிரைவர் பக்கத்து ஜன்னல் மேல ஒரு முழங்கை. மணிக்கட்டுல வாட்ச், டயல் உள்பக்கமா திரும்பியிருக்கு. அக்கா அப்படித்தான் கட்டுவா, கையில புத்தகத்த வெச்சுக்கிட்டே மணி பாக்குறதுக்கு, டீச்சரா இருந்த காலத்துப் பழக்கம். தன் கைய நீட்டி போன் பக்கத்துல வெச்சா. அதே கறுப்பு வாரு, அதே சின்ன சதுர டயலு.

"இது என் கைடா"ன்னா.

பாய் ரெண்டடி பின்னால போயிட்டாரு.

கழட்டிப் போட்ட வண்டிய போட்டோ எடுத்து, எஞ்சின் இல்லாதத எடுத்து, கம்ப்ளெய்ண்ட் எழுதிப் போட்டோம். கொஞ்ச நாள்ல ஃபைன ரத்து பண்ணிட்டாங்க, நம்பர எவனோ காப்பி அடிச்சிருக்கான்னாங்க. நானும் அதையே சொல்லிக்கினேன், வேற என்ன சொல்றது. லிங்க்ல போட்டோ போயிடுச்சு, நான் அதுக்கு முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பி வெச்சிருந்தேன்.

அன்னிலேர்ந்து அக்கா தெனமும் ஷெட்டுக்கு வந்துட்டா. பரீட்ச ஹால்ல உட்கார்ற மாதிரி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துக்குவா, பாய் பீடிகூட வெளிய போயிதான் குடிக்கணும். மூணே மாசத்துல எஞ்சின் வந்துச்சு, சக்கரம் மாட்டியாச்சு, பூனக் குடும்பம் பக்கத்து ஷெட்டுக்குப் போயிடுச்சு. பழைய பானட் தேறாதுன்னு வேற ஒண்ணு கொண்டாந்தாங்க. அது வர லேட்டானதால பாடிய மொதல்ல அடிச்சுட்டு பானட்ட அப்புறமா அடிச்சாரு பாய்.

காஞ்சதும் வெயில்ல தள்ளிப் பாத்தா பானட் மட்டும் லேசா மஞ்ச. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இவ்வளவு பாடுபட்டு ஒட்டுப்போட்ட சட்ட மாதிரி நிக்குதேன்னு பாய்கூட சண்ட போட்டேன். அவரும் அலுத்துக்காம திரும்ப அடிச்சாரு. ஷெட்டுக்குள்ள சரியா இருக்கு, வெயிலுக்கு வந்தா மஞ்ச. வேற கடையில கலரு கலந்து புது டப்பா வாங்கி மூணாவது தடவையும் அடிச்சாச்சு. அதே மஞ்ச. பாருங்க பாய், எப்படித் தெரியுதுன்னு காட்டுறதுக்காக நேரா முன்னால நின்னு போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். எடுத்துட்டு கேலரியத் திறந்து, அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் தேடி எடுத்து, மாத்தி மாத்திப் பாத்தேன்.

நம்பினா நம்புங்க, ரெண்டும் ஒண்ணு. அதே கிரீம், அதே மஞ்ச பானட். இந்த பானட் எந்தக் கடையிலயோ கெடந்தப்ப எடுத்த போட்டோவுல, இதே பானட் இருக்கு.

பாய்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "அழிச்சுடு நைனா"ன்னாரு. அழிச்சா என்ன ஆவும்னு கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்? ஆனா வெச்சிருந்தா நீ தூங்க மாட்ட"ன்னாரு. அதுக்கப்புறம் அந்த பானட் மேல ஸ்ப்ரே புடிக்க மாட்டேன்னு ஒரே முடிவா சொல்லிட்டாரு.

இந்தத் தடவ அக்காகிட்ட மறைக்கல, அன்னிக்கு சாயங்காலமே காட்டினேன். ரெண்டையும் பாத்துட்டு, மஞ்சளா இருந்தா இருந்துட்டுப் போவட்டும், வண்டி ஓடுதா இல்லையான்னு கேட்டா.

லைசென்ஸ புதுப்பிச்சுக்கிட்டு, ஒரு ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் சாவிய எடுத்தா. நான் பக்கத்துல ஏறிக்கினேன். என் காலுக்குக் கீழ இல்லாத பிரேக்க வழி பூரா மிதிச்சுக்கினே போனேன். ஆனா உண்மையச் சொல்லணும்ல, அவ என்னவிட நல்லா ஓட்டுனா. கியர் மாத்துறது தெரியல, எதிர்ல வர்றவன் என்ன பண்ணப்போறான்னு அவனுக்கு முன்னாடியே இவளுக்குத் தெரியுது. இப்படி ஓட்டுறவளையா எட்டு மாசம் உட்கார வெச்சோம்னு எனக்கே என் மேல வெறுப்பா வந்துச்சு. திரும்பி வர்றப்ப அதே அடையாறு சிக்னல். கேமரா கம்பத்தப் பாத்ததும் எனக்கு வேர்த்துடுச்சு. அக்கா முழங்கைய எடுத்து ஜன்னல் மேல வெச்சா. வாட்ச் உள்பக்கமா இருந்துச்சு. பச்ச விழுந்துச்சு, வந்துட்டோம்.

அன்னிக்கு ஃபைன் மெசேஜ் வரும்னு ராத்திரி வரைக்கும் பாத்துக்கினு இருந்தேன். இந்த வண்டி பொறந்த காலத்துல பெல்ட்டே கெடையாது, ரெண்டு பேருமே போடல. வரல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த சிக்னல் வழியாத்தான் வர்றோம், இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு வரல. "ஒரு தப்புக்கு ரெண்டு தடவ மார்க் குறைக்க மாட்டாங்க"ன்னு அக்கா சிரிக்கிறா.

அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு அப்படி இல்ல. நாங்க போறப்ப நான் பக்கத்து சீட்ல இருக்கேன், போட்டோவுல அந்த சீட்ல யாரும் இல்ல. அப்ப அது இதுவரைக்கும் போன எந்த நாளும் இல்ல, இனிமே வரப்போற ஒரு நாள்னுதான அர்த்தம். அதனாலயே இந்த ஒரு வருஷமா அவள நான் தனியா விட்டதில்ல, காய்ச்சல்லகூட போர்வையோட போயி ஏறிக்கினேன். "நீ வர்றது எனக்குத் துணைக்கு இல்லடா, உன் நிம்மதிக்கு"ன்னு சொல்லுவா, ஆனா ஏத்திக்குவா.

இப்ப எனக்குப் பித்தப்பையில கல்லுன்னு சொல்லியிருக்காங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்தே ஆவணும், சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்கன்னாரு டாக்டர். ஆஸ்பத்திரி அடையாறுல. சளி புடிச்சிருக்கு, முக்கியமான சவாரி இருக்குன்னு மூணு தடவ தள்ளிப் போட்டுட்டேன். இந்தத் தடவ அக்காவே போன் பண்ணி வர்ற செவ்வாக்கெழமைக்கு நாள் வாங்கிட்டா. ஆட்டோவெல்லாம் வேணாம், காலையில நானே வண்டியில கொண்டுபோயி விடுறேன், உன்ன உள்ள அனுப்பிட்டு வீட்டுக்குப் போயி கஞ்சி வெச்சு எடுத்துக்கிட்டு வர்றேன்னா. வண்டியத் தொடச்சு தயாரா வெச்சிருக்கா. என்ன விட்டுட்டுத் திரும்புறப்ப அந்த சிக்னல்ல அவ மட்டும்தான் இருப்பா.

ராத்திரி தூக்கம் வராம அந்த போட்டோவ எடுத்துப் பாத்துக்கினு இருக்கேன். முகத்துல பாதிக்கு மேல வெயில், மூக்குக்குக் கீழ வாய் மட்டும் கொஞ்சம் தெரியுது. அவ சிரிச்சுக்கினு ஓட்டுறாளா, அழுதுக்கினு ஓட்டுறாளான்னு பாக்குறேன். விரலால இழுத்துப் பெருசு பண்ணா எல்லாம் புள்ளி புள்ளியா கலைஞ்சு போவுது.