உலக உருண்டைக்குத் தொப்பி பின்னியவர்

அந்த நடுநிலைப் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு உலக உருண்டை. ஆறாம் வகுப்பு கீழே, ஏழாம் வகுப்பு மாடியில், எட்டாம் வகுப்பு மைதானத்துக்கு அந்தப் பக்கம். மூன்றுக்கும் சமூக அறிவியல் நடத்துகிறவர் ஒருவரே. ஆகவே மணி அடிக்கும்போதெல்லாம் அவர் உலகத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்ய வெளியே கிளம்பியவர்போல, பள்ளிக்கூடம் முழுக்க நடந்தார். பிள்ளைகள் அவருக்கு அட்லஸ் சார் என்று பெயர் வைத்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் பெரியவர்களே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அவரும் திரும்பிப் பார்த்துவிட்டார். அன்றோடு அது உறுதியானது.

இந்த வருடம் அந்த உருண்டையில் ஒரு நாடு காணாமல் போயிருந்தது.

வடக்கே, உச்சந்தலைக்குக் கொஞ்சம் கீழே, மஞ்சள் நிறத்தில் இருந்த நாடு. அந்த இடத்தில் இப்போது வெறும் வெள்ளை அட்டை தெரிந்தது. போரில் நாடுகள் அழிந்ததைப் பாடமாக நடத்தியிருக்கிறார். துடைத்து எடுத்ததுபோல ஒரு நாடு போனதை எங்கும் படித்ததில்லை. மூன்று வகுப்பிலும் விசாரணை நடந்தது. "எவன்டா நகத்தால சுரண்டினது" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கடைசியில் ஏழாம் வகுப்பில் பாலைவனங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், வாய் பாலைவனம்னு சொல்லுது. விரல் பனி பெய்யுற இடத்துல இருக்கு."

அட்லஸ் சார் குனிந்து பார்த்தார். குற்றவாளி அகப்பட்டான். அவருடைய வலது கை ஆள்காட்டி விரல்தான். அது அந்த வெள்ளை இடத்தில் சொந்த வீட்டுக்கு வந்ததுபோலச் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. நதிகள் நடத்தினாலும் அங்கே, எரிமலை நடத்தினாலும் அங்கே. இரண்டு வருடமாகத் தேய்த்திருக்கிறது. தேயாமல் என்ன செய்யும்?

அந்த நாட்டில்தான் அவர் மனைவி இருந்தார்.

அவர் நர்ஸ். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருத்துவமனையில் வேலை. போகும்போது இரண்டு வருடம் என்று பேச்சு. வரப்போகிற குளிர்கால விடுமுறை முடிகிற சமயத்தில் அந்த இரண்டு வருடமும் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள். அதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவர் கேட்டார்.

அட்லஸ் சாரின் நெஞ்சுக்குள் 'வந்துடு' என்ற ஒரே சொல்தான் இருந்தது. தொண்டைக்கு வருவதற்குள் அது வேறு சட்டை மாற்றிக்கொண்டு, "உன் இஷ்டம்" என்று வெளியே வந்தது.

'உன் இஷ்டம்' சாதாரணப் பேச்சு அல்ல. பெருந்தன்மை, பயம், சோம்பல், நாளைக்கு ஏதாவது ஆனால் பழி என் தலையில் விடியக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை, இத்தனையும் அதில் குடும்பத்தோடு குடியிருக்கின்றன. கேட்கிறவர் எந்தக் கதவைத் தட்டுகிறாரோ அது திறக்கும். மறுமுனையில் எந்தக் கதவு திறந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மனைவி, "சரி" என்றார். அதற்குப் பிறகு இருவரும் துணி காய்வதைப் பற்றிப் பேசினார்கள். மறுநாளும் துணி காய்வதைப் பற்றியே பேசினார்கள்.

இந்த நிலைமையில்தான் விடுமுறைக்கு முந்தைய நாள் தலைமையாசிரியை எல்லோரையும் ஆசிரியர் அறையில் உட்கார வைத்தார். அவர் அப்போதுதான் ஒரு பயிற்சி முகாம் போய்விட்டு வந்திருந்தார். பயிற்சி முகாம் போய் வந்த தலைமையாசிரியையும் புதுக் கத்தி வாங்கிய சமையல்காரரும் ஒன்று. எதையாவது நறுக்கியாக வேண்டும்.

"விடுமுறைன்னா தூங்குறது இல்ல. ஆளுக்கு மூணு இலக்கு. எழுந்து நின்னு சொல்லணும். திரும்பி வந்ததும் கேப்பேன்."

கணக்கு டீச்சர் உடம்பைக் குறைப்பேன் என்றார். விளையாட்டு ஆசிரியர் முதல் இலக்கு தூக்கம், மற்ற இரண்டையும் எழுந்த பிறகு யோசிப்பேன் என்றார். அட்லஸ் சார் எழுந்தார்.

"உருண்டையில அழிஞ்சு போன இடத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போறேன். ரெண்டாவது, கம்பளியில ஒரு தொப்பி பின்னப் போறேன்."

"பின்னத் தெரியுமா சார்?" என்றார் கணக்கு டீச்சர்.

"இலக்குன்னா தெரியாததுதானே டீச்சர்."

"மூணாவது?" என்றார் தலைமையாசிரியை.

அட்லஸ் சார் வாயைத் திறந்தார். மூடினார். "வந்து சொல்றேன் மேடம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை உருண்டையை வீட்டுக்குத் தூக்கி வந்தார். பேருந்தில் அதற்கும் ஒரு இருக்கை கிடைத்தது.

கீழ்த்தளத்தில் அவருடைய அக்கா இருந்தார். தையற்காரி. ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவர் நாக்கு நுனியில் இருந்ததால் யாரும் அவரிடம் அதிகம் வம்பு வைத்துக்கொள்வதில்லை. பின்னல் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"டேய் தம்பி, ஊசியை சாக்பீஸ் மாதிரி பிடிக்காத. அது உடையாது, உன் விரல்தான் உடையும்."

"பிடிச்சிட்டேன்."

"யாருக்கு?"

"சும்மா."

"சும்மாவுக்குக் கத்திரிப்பூ கலரு பிடிக்குமோ?"

அட்லஸ் சார் குனிந்து கண்ணிகளை எண்ணினார். அந்த நிறத்தில் யார் புடவை வாங்குவார், யார் குடை வாங்குவார் என்பது அக்காவுக்கும் தெரியும்.

"அளவு எடுத்தியா?"

"தலைதானேக்கா. தெரியும்."

தெரியாது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்த தலை எவ்வளவு பெரியது என்று உட்கார்ந்து யோசித்தபோது அவருக்குத் தெரிந்தது, காதோரம் நரைத்தது எந்தப் பக்கம் முதலில், சிரிக்கும்போது பின்னால் எவ்வளவு சாயும், தூக்கத்தில் எந்தத் தோளில் கனக்கும் என்பதெல்லாம்தான். சுற்றளவு இல்லை. மனைவியின் ஸ்கூட்டர் ஹெல்மெட் அலமாரி மேல் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது. ஆனால் அதன் வாரில் ஒரு நீள முடி மாட்டியிருந்தது. மனைவி கிளம்பிய அன்று கழற்றும்போது சிக்கியது. அட்லஸ் சார்தான் அதை மேலே வைத்தார். அதற்குப் பிறகு அலமாரியைத் திறப்பார், மூடுவார். மேலே மட்டும் பார்ப்பதில்லை.

ஆகவே அவர் தர்க்கத்தின் வழியில் போனார். தலை உருண்டை. உலகமும் உருண்டை. உலகம் மேசைமேல் தயாராக இருக்கிறது. இப்படி யோசிக்க ஒரு சமூக அறிவியல் ஆசிரியரால்தான் முடியும். தாங்கியின் மேல் பக்கத்துக் கம்பி இடைஞ்சல் செய்ததால் திருகாணியைக் கழற்றி, பூமியை அதன் அச்சிலிருந்து விடுவித்தார். வெளியே எந்த மாறுதலும் இல்லை. பால் வண்டி வழக்கம்போல வந்தது.

விடுமுறை ஓடியது. பின்னினார், அவிழ்த்தார், பின்னினார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் உருண்டையின் தலையில் வைத்துப் பார்த்தார். காலையில் மனைவி பேசுவார். அங்கே பனி முழங்கால் வரைக்கும் என்பார். இவர் இங்கே வெந்நீர்க் குழாய் ரிப்பேர் என்பார். 'ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொன்னே?' என்று கேட்கத் தினமும் தயாராகி, தினமும் குழாயிலேயே முடித்தார். தொப்பி முடியட்டும், அதைக் காட்டிவிட்டுக் கேட்டுவிடலாம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டார். மாணவர்களுக்கு அவர் தவணை கொடுத்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை முதல் இலக்கை எடுத்தார். கடையில் சின்ன டப்பா மஞ்சள் பெயிண்ட் கொடுத்தவர், "ஒரு நாள் முழுக்கத் தொடாம விடுங்க சார், இந்தக் குளிருக்கு லேசுல காயாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, எல்லைக்கோடு பிசகாமல் அந்த நாட்டை அவர் மீண்டும் நிறுவினார். அண்டை நாடுகள் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் காலை தொப்பியின் கடைசிக் கண்ணியும் விழுந்தது. பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த விரலின் சாட்சியத்தை நம்பியிருக்கக் கூடாது. தொப்பியைத் தூக்கி உருண்டைக்கு மாட்டினார். கச்சிதம். துருவத்திலிருந்து அந்த நாட்டையும் மூடி, அதற்குக் கீழே இன்னும் பல நாடுகளுக்கும் குளிர் விட்டது. அக்காவைக் கூப்பிட்டார். இருவரும் டீ குடித்தபடி அதைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றார் அக்கா. "இதை அவ தலையில வச்சா தோளு வரைக்கும் வரும். கழுத்துக்குத் தனியா துணி வேணாம்."

"அவ்ளோ பெருசாவா இருக்கு?"

"உன் பொண்டாட்டி தலை பூசணிக்காய்னு நினைச்சியா? ஹெல்மெட் மேலயே இருக்கே. எடுத்துப் பாத்தா என்ன?"

அட்லஸ் சார் டீயைப் பார்த்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றப் போனார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். பூமியே தூக்கிக்கொண்டு வந்தது.

"ஒட்டிக்கிச்சுடா."

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் மனைவியின் முகம். பின்னால் ஜன்னலில் வெள்ளை.

"அண்ணியும் இருக்கீங்களா? என்ன அது கையில?"

"உன் புருஷன் பூமிக்குச் சளி பிடிக்காம இருக்கத் தொப்பி போட்டிருக்கான்மா" என்றார் அக்கா. "நான் அடுப்புல பாலை வச்சிட்டு வந்திருக்கேன். நீங்க பேசுங்க." அடுப்பில் பால் இல்லை. இருந்த பாலெல்லாம் கையிலிருந்த டீயில் இருந்தது. ஆனாலும் போய்விட்டார்.

"யாருக்குங்க தொப்பி?"

"உனக்குத்தான். அளவு கொஞ்சம் தப்பிடுச்சு."

மனைவி சிரித்தார். தலை பின்னால் சாய்ந்தது. அந்தச் சாய்வு அவருக்குச் சரியாக நினைவிருந்தது. "சரி, கழட்டிட்டு முழுசாக் காட்டுங்க."

"கழட்ட முடியாது. நீ இருக்கற இடத்துக்கு நேத்து பெயிண்ட் அடிச்சேன். காயறதுக்குள்ள மாட்டிட்டேன். இழுத்தா நாடு கையோட வந்துடும்."

"அந்த இடத்துக்கு எதுக்குப் பெயிண்ட்?"

"தேஞ்சு போச்சு."

"யாரு தேய்ச்சா?"

அட்லஸ் சார் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டார். வகுப்புக்கு நேரம் கழித்து வந்த பையன் நிற்பதுபோல அவர் வார்த்தை ஒன்று வாசலிலேயே நின்றது. பிறகு உள்ளே வந்தது.

"நான்தான். பாடம் நடத்துறப்ப விரல் அங்கயே போயிடுது. நீ வந்துடு."

ஜன்னலுக்கு வெளியே அங்கே பனி விழுந்துகொண்டிருந்தது. மனைவி புறங்கையால் மூக்கைத் தேய்த்தார்.

"இதைச் சொல்ல இவ்ளோ நூலா?"

"ம்."

"போன வாரமே பதில் சொல்லிட்டேங்க."

அவர் கை தொப்பியின் விளிம்பைப் பிடித்தது.

"ரெண்டு வருஷம் கேட்டாங்க. நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு தள்ளித் தள்ளிப் பாத்தேன். குழாயைப் பத்திச் சொன்னீங்க. வேணாம்னு சொல்லவும் வரல, சரின்னு சொல்லவும் வரல. ஆறு மாசம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போன வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா?"

"பெட்டி கட்டியிருப்பேன்."

வெந்நீர்க் குழாய் எங்கோ சொட்டியது. ரிப்பேர் செய்தும் சொட்டுகிறது.

"ஆறு மாசம்" என்றார் அட்லஸ் சார். "பூமி சூரியனைப் பாதி சுத்தணும்."

"சுத்தட்டும். முதல்ல அதை அச்சுல மாட்டுங்க." மனைவி யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பதில் சொல்லிவிட்டு மீண்டும் வந்தார். "வண்டிய அப்பப்ப ஸ்டார்ட் பண்றீங்களா? ஹெல்மெட் எங்க?"

"அலமாரி மேல."

"எடுத்துத் துடைச்சு வைங்க."

அழைப்பு முடிந்ததும் நாற்காலி போட்டு ஏறினார். ஹெல்மெட்டில் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்தார். மேல் ஓட்டைத் துடைத்தார். வார் வந்ததும் துணியை மடித்துக் கீழே வைத்துவிட்டார். அந்த முடி இருந்த இடத்திலேயே இருந்தது. அக்காவின் அளவு நாடாவை வாங்கி வந்து, முடியைத் தொடாமல், உள்சுற்றை அளந்தார். தொப்பி ஒன்றரை மனைவிகளுக்குப் போதுமானதாக இருந்தது. மெல்ல மெல்ல அதை உருண்டையிலிருந்து பிரித்து, முதலிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார். இப்போது அவசரம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியை உருண்டையைக் கையில் வாங்கித் திருப்பினார். நாடு திரும்பி வந்திருந்தது. ஆனால் மஞ்சள் பெயிண்டில் கத்திரிப்பூ நிறக் கம்பளி இழைகள் ஒட்டிக்கொண்டு, பூனைக்குட்டி முதுகுபோல மயிர் முளைத்திருந்தது.

"இது என்ன சார்?"

"அங்க குளிர் ஜாஸ்தி மேடம்."

"தொப்பி?"

"அளவு திருத்திட்டிருக்கேன்."

"மூணாவது இலக்கு?"

"முடிச்சிட்டேன் மேடம். ஒரு வாரம் லேட்டு."

"லேட்டானா பரவாயில்ல, முடிச்சீங்களே" என்று அவர் தாராளமாக மன்னித்துவிட்டு விளையாட்டு ஆசிரியரிடம் போனார்.

அட்லஸ் சார் உலகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். விடுமுறைக்கு முன் பாதியில் நின்ற பாடம் பாக்கி இருந்தது. முன் பெஞ்சுப் பெண் உருண்டையையே கவனமாகப் பார்த்தாள்.

"பாலைவனங்கள்" என்று அவர் தொடங்கினார். விரல் கிளம்பியது. அது எங்கே போகும் என்று வகுப்புக்கே தெரியும். போய் நின்ற இடம் இப்போது மெத்தென்று இருந்தது. அவர் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணும், எப்படியோ, எழுந்து நிற்கவில்லை.