போன் படித்த இரண்டு மாதம்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடம் திறந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, எழுத்துச் சொல்லித்தர ஓர் ஆப்பை எல்லோரும் போனில் ஏற்றியாக வேண்டும் என்றார்கள். தினமும் அரை மணி நேரம். நான் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவேன். எழுத்தையும் அதற்கான படத்தையும் காட்டிப் போனே உரக்கச் சொல்லும். சரியாகத் தொட்டால் திரையில் ஒரு கிளி சிரிக்கும், கைதட்டல் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். மகள் தமிழ் வாசிக்கிறாள் என்று என் கணவர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுவாரம், ஒரு காதுகுத்துக்குப் பள்ளிப்பட்டு போக, திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பஸ் வந்தது. போர்டைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அது இன்னும் சொல்லலியேம்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. 'ப'வை மட்டும் காட்டிக் கேட்டேன். பட்டம் எங்கே என்று தேடினாள்.

மறுநாள் சாயங்காலம் போனில் இருந்த படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கேட்டேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. இரண்டு முறை தப்பாகத் தொட்டால் சரியான விடை தானாகவே மின்னியது. மின்னியதைத் தொட்டாள். கைதட்டல். இரண்டு மாதமாக இதைத்தான் செய்திருக்கிறாள். அந்தக் கிளியின் கழுத்தைத் திருகிப் போட வேண்டும்போல் இருந்தது.

கடையில் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் தன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். மகள் பெயருக்கு நேராக எல்லாம் பச்சை. வகுப்பில் முதல் மூன்று பேரில் இவளும் ஒருத்தி என்றார். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு எழுத்து எழுதி மகள் முன்னால் வைத்தேன். அவள் காகிதத்தை விரலால் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

காகிதத்தில் கேட்டால் பிள்ளைகள் பயந்துவிடும் என்றார் டீச்சர்.

"ஒரு நாளாவது பக்கத்துல உக்கார வெச்சு நீங்க கேட்டீங்களா?"

அவர் டேப்லெட்டை அணைத்து வைத்தார். "நீங்க கேட்டீங்களாங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவே அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன். இன்றைக்கும் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அன்றே ஆப்பை அழித்தேன். மகள் என் கையைக் கடித்துவிட்டாள். காலையில் கடைக்குப் போகுமுன் சிலேட்டோடு உட்கார வைத்தேன். கிளி வேண்டும் என்று அழுதாள். நைனாவிடம் சொல்வேன் என்று மிரட்டினாள். என் கணவரோ, ஊரே போனில் படிக்கும்போது உனக்கு மட்டும் என்ன என்று என்மேல் எரிந்து விழுந்தார். உங்கள் குழந்தை பின்தங்கியிருக்கிறது என்று பள்ளியிலிருந்து வாரம் ஒரு மெசேஜ் வந்தது. அந்த ஆத்திரத்தில் சில நாள் அவளை அடித்தும் இருக்கிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் ஸ்டேஷன் மதிலோரம் நடந்து வந்தோம். திடீரென்று நின்றாள். மதிலில் பெயின்ட்டில் இருந்ததை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்: "இங்கே சிறுநீர் கழிக்காதே." சிறுநீர் என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். மதிலைப் பார்த்து நின்றிருந்த ஓர் ஆளைக் காட்டினாள்.

"அவருக்குப் படிக்கத் தெரியாதாம்மா?"

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சுகினேதான் போறான்."