கற்காலத்தைத் தாண்டாத வாத்தியார்

எங்கள் பள்ளியில் வரலாறு எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கற்கால சார். பள்ளி திறந்ததும் கற்காலத்தில் இறங்குவார், லேசில் ஏறமாட்டார். மற்ற பள்ளிப் பிள்ளைகள் மன்னர்களை எல்லாம் முடித்துவிட்டு அரையாண்டுத் தேர்வு எழுதும்போது, இவர் பிள்ளைகள் கல்லோடு கல்லை உரசிக்கொண்டிருப்பார்கள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கணக்கு எடுக்கிறேன். வருடா வருடம் கேட்டுக் கேட்டு, காட்டெருமையை மடக்குவது எனக்கே அத்துப்படி.

மனிதர் மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிளில் வந்தால் பள்ளி வேனை முந்துவார். நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள் அவர் கழுவிக் கவிழ்த்திருப்பார். இந்த மெத்தனமெல்லாம் வகுப்பில் மட்டும்தான். ஏனென்றால் புத்தகத்தின் கடைசிப் பாடம் உள்நாட்டுப் போர். அது வருவதற்குள் வருடம் முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் திட்டம்.

காரணம் ஊருக்கே தெரியும். போரில் அவருடைய அண்ணன் ஒரு பக்கம் போனான், இவர் எதிர்ப்பக்கம் போனார். இவர் மட்டும் திரும்பி வந்தார். அதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. ஊருக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்தப் பாடம் ஒன்றும் பெரிய பாடமில்லை, ஒன்றரைப் பக்கம். எழுதிய குழுவில் இரண்டு தரப்பாரும் இருந்தார்களாம். இவர் எழுதியதை அவர் அடித்தார், அவர் எழுதியதை இவர் அடித்தார். இருவரும் அடிக்க மறந்ததுதான் பாடம். அதில் பாலங்கள் தாமாகவே இடிந்தன. வீடுகள் தம் இஷ்டத்துக்குத் தீப்பிடித்துக்கொண்டன. காரணங்கள் ஐந்து, முதல் காரணம் ‘சில தவறான புரிதல்கள்’. காரணத்துக்கு ஒரு மதிப்பெண்.

இந்த வருடம் மேலிடத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. கடைசிப் பாடத்திலிருந்து கட்டாயம் கேள்வி வரும், அதை நடத்தும்போது கல்வி அதிகாரியே வந்து உட்காருவார் என்று உத்தரவு. வம்புதும்பு இல்லாமல் ஓய்வு பெறுவதையே லட்சியமாக வைத்திருக்கும் தலைமையாசிரியர், உத்தரவை இவர் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் கற்கால சார் என் பக்கம் வந்து நின்றார்.

“டீச்சர், அதிகாரி வர்ற அன்னைக்கு என் பீரியட் உங்களுக்கு வேணுமா? கணக்கு போடறதுக்கு எடுத்துக்குங்களேன்.”

நான் பிடுங்காத பீரியட் இந்தப் பள்ளியில் கிடையாது. கேட்காமலே ஒருவர் கொடுத்தது அன்றுதான். நக்கலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அந்த உத்தரவை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார்.

“எடுத்துக்குவேன் சார். ஆனா அதிகாரி வந்து உக்காந்து கேட்டா, போரை வகுத்தல்ல காட்டவா, பெருக்கல்ல காட்டவா?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதிகாரி வந்தார், கடைசி பெஞ்சில் சிரமப்பட்டுத் தன்னைத் திணித்துக்கொண்டார். நான் என் பிள்ளைகளுக்கு நீளமாக ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டுப் பலகைத் தடுப்பில் காதை வைத்தேன்.

“உள்நாட்டுப் போருக்கான காரணங்கள்...” என்று ஆரம்பித்தார் சார். அதற்குமேல் குரல் வரவில்லை. அந்த அமைதியில் அதிகாரியின் பெஞ்சு முனகுவது எனக்குக் கேட்டது.

“சார், ஒரு சந்தேகம்,” என்றது ஒரு பெண்குரல். வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் பெண். “கற்காலத்துல பல்லு வலிச்சா என்ன பண்ணுவாங்க?”

“அது முடிஞ்சுபோன பாடம்மா,” என்றார் அதிகாரி.

“அடிப்படையே புரியாம எப்படி சார் மேல போறது?”

பிறகு ஆளாளுக்கு எழுந்தார்கள். கற்கால மனிதர்களுக்கு முடி யார் வெட்டிவிட்டார்கள், குகையில் மழை ஒழுகினால் யாரிடம் சொல்வார்கள், நெருப்பு அணைந்துபோனால் அம்மா திட்டுவாளா? மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுபவர் அந்த அதிகாரி. இப்போது வாயை மூடு என்று சொல்ல அவருக்கு வழியில்லை. மணி அடித்தது. ‘கேள்வி கேட்கும் திறன் மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சார் அந்தப் பெண்ணை வராந்தாவில் நிறுத்தினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

“என்னம்மா, திடீர்னு கற்காலத்து மேல இவ்வளவு ஆசை?”

“திடீர்னு இல்ல சார். எங்க அக்கா படிக்கும்போதே இப்படித்தான். சாரைக் கற்காலத்தைத் தாண்ட விடாதீங்க, கடைசிப் பாடத்துக்கிட்ட வந்துட்டாலும் கல்லைப் பத்தியே கேளுங்கன்னு, பெரிய கிளாஸ் போறவங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவாங்க.”

“எதுக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “உங்களுக்கு அண்ணன் ஞாபகம் வந்துடும்ல சார்.”

இத்தனை வருடமும் பாடத்தை இழுத்தடித்தது தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார் பாவம். பிள்ளைகள்தான் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். சைக்கிளை எடுத்தார். அன்றைக்குப் பள்ளி வேன் அவரை முந்தியது.

மறுநாள் புத்தகம் இல்லாமல் வகுப்புக்குப் போனார்.

“எங்க வீட்ல நாங்க ரெண்டு பேர்,” என்று தொடங்கினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேனாவை வைத்துவிட்டார்கள். நான் அதட்டவில்லை.

“விடியற நேரம், பாலத்துக்கிட்ட சண்டை. அந்தக் கரையில எங்க அண்ணன் இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். நானும் சுட்டேன். யார் குண்டு பட்டுதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நான் அங்க இருந்தேன்னு எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல. அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க.”

இது ஊருக்கும் தெரியாது. எனக்கு அழுகை வந்தது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாயாடியின் குரல் மெதுவாக வந்தது. “பரீட்சையில இதை எழுதலாமா சார்?”

“வேணாம்மா. புத்தகத்துல இருக்கிற அஞ்சு காரணத்தையே எழுது. மார்க்கு வேணும்ல.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

ஐந்து காரணத்தையும் ஒருவர் விடாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். போரைப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று அதிகாரி பாராட்டுக் கடிதம் அனுப்பினார். தலைமையாசிரியர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அடுத்த வருடம் கற்காலத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டது.