பயில்வானும் விளக்கெண்ணெயும்

முழங்கால் வலிக்கு மனைவி விளக்கெண்ணெய் சூடாக்கினால், அந்த வாடைக்கு எனக்கு இன்றும் வயிறுதான் கலங்கும். சிறுவயதில் பேதிக்கு அதைத்தான் குடிக்கவேண்டும். கீழமாசி வீதி மருந்துக்கடைக்குப் போய் என் தண்டனையை நானே வாங்கிவரவும் வேண்டும்.

யுத்த காலத்தில் ஒருநாள் அங்கே என் பக்கத்தில் நின்றவர், மதுரைச் சுவரெல்லாம் நோட்டீசில் மீசை முறுக்கிய குஸ்திப் பயில்வான். அவர் கையிலும் விளக்கெண்ணெய்க் குப்பி.

"அண்ணே, இதக் குடிக்காம தப்பிக்க வழி இருக்கா?"

"இருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன் மாப்ள? எங்காத்தா மூக்கப் பிடிச்சா அம்புட்டுதான், அசைய முடியாது."

வீட்டில் அம்மா வழக்கம்போல் என் மூக்கைப் பிடிக்க வந்தாள். பயில்வானே தோற்ற இடத்தில் எனக்கென்ன மல்லுக்கட்டு? டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டேன். அம்மா பயந்துபோய், காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.